காது ஷிப்ட்

கல்யாணமாகி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே, பக்கத்து வீட்டுக்காரி பொல்லாதவள் என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தீர்ப்பு எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

நான் கிள்ளானில் வளர்ந்தவள். அப்பா வாத்தியார். நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வருவதால் வீட்டில் முணுமுணுப்பாகத்தான் பேசுவார். அவருக்குப் பயந்து நாங்களும் முணுமுணுப்போம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவளுக்கு இந்த லைன் வீட்டில் காலையும் மாலையும் பலகைச் சுவரைப் பிளந்துகொண்டு ஒரு பெண்குரல் வந்தால் எப்படி இருக்கும்? ஒரே கத்தல். பதிலுக்கு அந்த மனுஷன் குரல் எழும்புவதே இல்லை. பாவம், அடங்கிப்போன ஆள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் பொறுக்க முடியவில்லை. ஒரு கிண்ணத்தில் ரசத்தை ஊற்றிக்கொண்டு சமாதானம் பேசப் போனேன். அந்த அக்காவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கறுப்பாக, எலும்பும் தோலுமாக, கண் மட்டும் பெரிதாக இருந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. புருஷன இப்படிப் பேசலாமா? அக்கம்பக்கத்துல நாலு பேரு இருக்கோம்ல."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, கண்ணில் நீர் வழிய, நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அடியே, நான் திட்டலடி. கருவாடு பொரிச்சு வச்சிருக்கேன், வந்து சாப்பிடுங்கன்னு சொன்னேன். மெதுவா சொன்னா அவருக்குக் கேக்காது."

அவள் புருஷன் எஞ்சின் ஷெட்டில் பாய்லர் வேலை செய்கிறவர். அண்ணே என்றுதான் நான் கூப்பிடுவேன். பாய்லருக்குள் ஒருவர் புகுந்து, தகட்டைப் பிணைக்கும் ஆணியைத் தாங்கிப் பிடிக்க, வெளியே இரண்டு பேர் சம்மட்டியால் அடிப்பார்களாம். உள்ளே இருப்பவர் இவர். கோயில் மணிக்குள் தலையை விட்டுக்கொண்டு மணியை அடிக்கச் சொன்னால் எப்படியோ அப்படி. பதினோரு வருஷம் அந்த வேலை செய்தவருக்குக் காது எங்கே மிஞ்சும்? ஆனால் ஷெட்டில் யாரும் அதைச் செவிடு என்று சொன்னதில்லை. அங்கே சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது, எல்லாரும் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டி கத்துவாள். லைனில் பாதி வீட்டில் இதே கதைதான். தனக்குக் காது போய்விட்டது என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

அன்றைக்கு ரசக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் கருவாடு வைத்துக் கொடுத்தாள் அக்கா. அப்படி ஒட்டிக்கொண்டதுதான் எங்கள் சிநேகம்.

எங்கள் லைனில் ஒரு வார்த்தை உண்டு. சின்னப் பிள்ளைக்குக்கூட அம்மா, அப்பாவுக்கு அடுத்து அதுதான் வாயில் வரும். ஷிப்ட். காலையில் சங்கு ஊதினால் "ஷிப்ட் மாறுது" என்பார்கள். வீடு மாறினால் "ஷிப்ட் பண்றோம்". வேலையில் இடம் மாற்றினால் "ஷிப்ட் ஆயிட்டாரு". ஆஸ்பத்திரியில் ஒரு வார்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோனாலும் ஷிப்ட்தான். செத்துப்போனவரைப் பற்றி ஒரு கிழவர், "மேல ஷிப்ட் ஆயிட்டான்" என்று சொன்னதை நானே காதால் கேட்டேன்.

நான் மிஷன் பள்ளியில் நாலாவது வரை இங்கிலீஷ் படித்தவள். கல்யாணச் சீராக அப்பா கொடுத்த சின்ன அகராதி ஒன்று என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஒருநாள் அந்த வார்த்தையைத் தேடிப் பார்த்தேன். அம்மாடி, அரைப் பக்கம்! இடம் பெயர்தல், வேலை முறை, எல்லாம் சரி. அடுத்து, பெண்கள் உள்ளே போடும் உடுப்புக்கும் அதுவே பேர் என்று இருந்தது. படக்கென்று புத்தகத்தை மூடினேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி, என்னைவிட இங்கிலீஷ் கூடத் தெரிந்தவர். அவர் வெளியே போனதும் மறுபடி திறந்தேன். தந்திரம் என்று ஒரு பொருள். கையில் இருப்பதை வைத்து எப்படியாவது சமாளித்தல் என்று கடைசியில் ஒரு பொருள். வெள்ளைக்காரன் இத்தனையையும் ஒரே வார்த்தையில் அடைத்து வைத்திருக்கிறானே, இதை யார் வாழ்க்கையில் முழுசாகப் பயன்படுத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பொருள் அத்தனையையும், உள்ளுடுப்பைத் தவிர, அக்கா ஒரே வருஷத்தில் எனக்குக் காட்டிவிட்டாள்.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. ஈயமும் விழுந்தது. தோட்டங்களில் பால்வெட்டை நிறுத்தினார்கள். ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ரயிலேற்றி, கப்பலேற்றி, ஊருக்கு அனுப்பினார்கள். ரயில்வேயிலும் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. வாரம் ஒருமுறை ஷெட் சுவரில் பட்டியல் ஒட்டுவார்கள். பேர் இருந்தால் கணக்கை முடித்து, கப்பல் டிக்கெட்டும் கையில் கொடுத்துவிடுவார்கள். உடம்பில் ஊனம் உள்ளவர்கள் பேர்தான் முதலில் வந்தது.

அக்கா அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவே இல்லை.

"எந்த ஊருக்குடி அனுப்புவான் என்னை? நான் பொறந்தது இங்க, கிள்ளான் பக்கத்துல கேரி தீவு. எங்கம்மா அப்பாவ அங்கதான் பொதச்சோம். தமிழ்நாடு எந்தத் திசையில இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. அவருக்கும் அங்க ஒரு நாதி கிடையாது. கப்பல விட்டு எறங்கி எந்த வீட்டுக் கதவத் தட்டுறது, சொல்லு?"

நான் என்ன சொல்வேன்? எனக்கு மட்டும் தெரியுமா என்ன? அதுவும் அவள் அப்போது மாசமாக இருந்தாள். ஆறு வருஷம் கழித்து உண்டான முதல் குழந்தை.

பாய்லர் பகுதியில் பாதி ஆட்களை நிறுத்தினார்கள். அண்ணன் பேர் பட்டியலில் வரவில்லை. ஷெட் மேஸ்திரி நல்ல மனுஷன், யார் காலில் விழுந்தாரோ, இவரை வேறு வேலைக்கு மாற்றச் செய்துவிட்டார். கேட்டுக்காரர் வேலைக்கு! லைனிலிருந்து தெற்கே ஒரு மைல், கித்தாத் தோட்டம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் தோட்டத்துச் செம்மண் ரோடு ரயில்பாதையைக் கடக்கும் இடம். மணி அடித்தால் கேட்டை மூட வேண்டும், ரயில் போனதும் திறக்க வேண்டும். சுத்தியல் தூக்க வேண்டாம், உட்கார்ந்த வேலை, பக்கத்திலேயே வீடும் உண்டு என்று மேஸ்திரிக்குப் பெரிய சந்தோஷம். மணியைக் கேட்கக் காது வேண்டுமே என்பது அந்த ஷெட்டில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. தோன்றாது, அங்கே காது உள்ளவன் யார்?

வேலை மாறினால் டாக்டர் பரிசோதனை உண்டு. கலர் கலராக நூல் கொடுத்து எடுக்கச் சொன்னார்களாம், கண் பாஸ். காதுக்கு, டாக்டர் கேட்டதை மருந்து கட்டும் தமிழ் டிரெஸ்ஸர் ஒருவர் எதிரே நின்று, "சொல்றது கேக்குதாய்யா?" என்று உரக்கக் கேட்டிருக்கிறார். அண்ணன் உதட்டைப் பார்த்து, "நல்லா கேக்குது ஐயா" என்றிருக்கிறார். காதும் பாஸ்.

வீட்டைக் கைவண்டியில் ஏற்றி கேட்டுக்கு ஷிப்ட் பண்ணினோம். சட்டி பானை, ஒரு பாய்க்கட்டு, ஒரு கோழி. போகும்போது அக்கா கத்தவில்லை. அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன்.

கேட்டில் அவள் ஒருநாள்கூடக் குரல் எழுப்பவில்லை. வண்டிக்காரர்கள், தோட்டத்து ஆட்கள், பாதையைச் சரிபார்க்கும் கூலிகள் என்று யாராவது போய்க்கொண்டே இருப்பார்கள். கேட்டுக்காரனிடம் பெண்டாட்டி கத்திப் பேசுகிறாள் என்று ஒருத்தன் போய்ச் சொன்னால் போதும், குட்டு உடைந்துவிடும். அதனால் கையால் பேசினாள், கண்ணால் பேசினாள். நான் போனாலும் என்னிடம் மெதுவாகத்தான் பேசினாள், பழக்கம் விட்டுப்போகக் கூடாதாம். கூட்டிலடைத்த மைனா மாதிரி ஆகிவிட்டாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆனால் அவர்கள் அந்த மணியைச் சமாளித்த விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. பழைய தண்டவாளம் ஒன்றை நட்டு, அதன் தலையில் மணியைக் கட்டியிருந்தார்கள். ரயில் கிளம்பியதும் சிக்னல் கேபினிலிருந்து கம்பி இழுத்தால் மணி அடிக்கும். முதல் நாளே அண்ணன் அந்தத் தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாய்லர்க்காரர் அல்லவா? தகட்டில் உள்ளங்கையை வைத்தே எந்த ஆணி ஆடுகிறது என்று சொல்கிறவர்.

"முதுகால கேக்கறேன் தங்கச்சி" என்றார் என்னிடம், அந்த மெல்லிய குரலில். "ரெண்டு அடி அடிச்சா கோலாலம்பூர் வண்டி. மூணு அடிச்சா கிள்ளான் வண்டி. தப்பாது."

பெருமழை பெய்தால் தூண் தானாகவே அதிரும், அப்போது தப்பும். வண்டி மாடு மிரண்டால் தூணை விட்டு எழுந்து போக வேண்டியிருக்கும், அப்போதும் தப்பும். அதற்குத்தான் அக்கா. அவர் ஷிப்ட் ஏழு மணி நேரமும் அவள் வாசலை விட்டு நகர மாட்டாள். மணி அடித்ததும் முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பாள். அவள் முறத்தோடு நின்றால் கேட்டை மூடு என்று அர்த்தம். மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்துதான் புடைப்பாள். ஒரு வாரம் அண்ணனுக்குக் காலை ஷிப்ட், மறுவாரம் இரவு எட்டு மணி வரை; மற்ற ஷிப்டுக்கு வேறொரு கேட்டுக்காரர் வந்து போவார். எட்டுக்கு மேல் தோட்டத்து ரோட்டைப் பூட்டிவிடுவார்கள்.

வயிறு பெருத்தது. எட்டு மாதம் முடிந்தபோது அவளால் சட்டென்று எழுந்து நிற்க முடியவில்லை. கால் வீங்கி, எட்டிப் பார்க்கவே மூச்சு வாங்கியது. ஒருநாள் போனபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பதற்குள் மணி அடித்து வெகுநேரம் ஆகிவிட்டது. அண்ணன் தூணிலேயே இருந்ததால் தப்பித்தோம். எனக்கு உயிரே போய்விட்டது.

நான் லைனுக்கு ஓடிவந்து, எனக்குப் பழக்கமான இரண்டு பெண்களைக் கூப்பிட்டேன். ஒருத்தி பையர்மேன் பெண்டாட்டி, இன்னொருத்தி பாயின்ட்ஸ்மேன் பெண்டாட்டி. விஷயத்தைச் சொன்னேன். பையர்மேன் பெண்டாட்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இதுக்கென்ன இவ்ளோ யோசனை? ஆம்பளைங்களுக்கு மட்டுந்தான் ஷிப்டா?" என்றாள்.

அன்றைக்கே பிரித்துக்கொண்டோம். ஏழு மணி நேரத்தை மூன்றாக வெட்டினோம். ஒருத்தி நெத்திலி ஆய்வாள், ஒருத்தி அரிசி புடைப்பாள், நான் பழைய துணி தைப்பேன். முறம் மட்டும் ஒன்றுதான், கைமாறிக்கொண்டே இருக்கும். "காது ஷிப்ட்" என்று அதற்குப் பேர் வைத்தது நான்தான். ஒரு ரயிலுக்குக்கூட ஒருத்தியும் தாமதமாக நிற்கவில்லை. சமையலைப் போட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வேகாத வெயிலில் ஒரு மைல் நடந்து வருவார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று எவனாவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கை துருதுருவென்கிறது.

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தபோது வீடே அதிர்ந்தது.

"இது என்ன அடுப்பங்கரை விளையாட்டா? ரயில்டி! வண்டியில வர்றவன் உசிரு, ரோட்டுல போறவன் உசிரு. ஒருநாள் தப்பிப்போச்சுன்னா?"

"ஒருநாளும் தப்பாது."

"அவருக்குக் காது இல்லன்னு சொல்லி வேற வேலை கேக்கட்டும்."

"சொன்னா கப்பல்ல ஏத்திடுவான். உங்களுக்குத்தான் நல்ல காது இருக்கே, நான் சொல்றது அதுல ஏறுதா? செவிடன் காதுல ஊதுன சங்குதான்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் மூன்று நாள் பேசவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு மேலும் எரிச்சலாக இருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கேட்டுக்காரன் எந்நேரமும் தூணில் சாய்ந்து தூங்குகிறான் என்று யாரோ மேலே எழுதிப் போட்டுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்ற சேதியைக் கூட்ஸ் ஷெட்டில் கேட்டுக்கொண்டு வந்தவர் என் வீட்டுக்காரர்தான். மூன்று நாள் மௌனம் அன்றைக்குத்தான் உடைந்தது. "என்ன கேப்பாருன்னு எனக்குத் தெரியும். நான் போய் அவருக்குச் சொல்லித் தரேன்" என்று சட்டையை மாட்டினார். நான் காப்பி கலந்து கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்த நாள் என் ஷிப்ட். அதே காலையில் அக்காவுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. மருத்துவச்சி உள்ளே இருந்தாள், மற்ற இரண்டு பெண்களும் உள்ளே இருந்தார்கள். நான் முறத்தோடு வாசலில் இருந்தேன். அண்ணன் தூணோடு ஒட்டியிருந்தார். முகம் வெளுத்திருந்தது, ஒரு கண் வீட்டுக் கதவு மேலேயே இருந்தது.

தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு வரும் டிராலியில் வந்து இறங்கினார் இன்ஸ்பெக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, கையில் நோட்டுப் புத்தகம்.

"என்ன காணும், நித்திரையோ? தூணை விட்டு இஞ்சால வாரும்" என்றார்.

அண்ணன் எழுந்துபோய் அவர் எதிரே நின்றார். இன்ஸ்பெக்டர் பாதையோரம், அண்ணன் அவரைப் பார்த்தபடி. அதாவது முதுகு எனக்கு. நான் முறத்தை வைத்துக்கொண்டு பரதநாட்டியமே ஆடினாலும் அவருக்குத் தெரியாது. கேள்விகள் வந்தன. அந்த உதட்டில் ஓடும் தமிழ் அண்ணன் கண்ணுக்குப் பழகாத தமிழ். என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த பதிலை வரிசையாக ஒப்பித்தார். கேள்வியும் அதே வரிசையில் வந்ததோ, என் குலதெய்வம்தான் அப்படிக் கேட்க வைத்ததோ தெரியாது.

அப்போது தோட்டத்திலிருந்து மாட்டு வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. ரப்பர் ஷீட் கட்டுகளுக்கு மேலே நாலைந்து பால்வெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கேட் திறந்து கிடந்தது.

மணி அடித்தது. மூன்று அடி.

நான் எழுந்து நின்றேன். முறத்தை உயர்த்திப் பிடித்தேன். அண்ணன் முதுகு அசையவில்லை. உள்ளேயிருந்து அக்காவின் குரல் கிளம்பியது. "மணி! மணி அடிக்குது! ஏங்க, மணி!" ஏழு மாதமாகக் கத்தாதவள் கத்தினாள். யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்குக் கேட்கவில்லை. நான் முறத்தைத் தூக்கி எறியக் கையை ஓங்கிவிட்டேன், தலையில் பட்டாலும் படட்டும் என்று.

எறிவதற்குள் அண்ணன் திரும்பிவிட்டார். இரண்டு எட்டில் கேட்டைப் பிடித்து இழுத்து மூடினார், கொக்கியைப் போட்டார், கொடியை எடுத்தார். வண்டி மாடு கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. கிள்ளான் வண்டி தடதடவென்று போனது. பால்வெட்டுப் பெண்களில் ஒருத்தி வண்டியைப் பார்த்துக் கையாட்டினாள்.

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். "வடிவாச் செய்யிறீர். உம்மில குறை எழுதினவனுக்குத்தான் கண்ணுமில்லை, காதுமில்லை" என்றார். உள்ளே கேட்ட சத்தத்தைப் பற்றி விசாரித்தார். பிரசவம் என்றதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, டிராலியில் ஏறிப் போய்விட்டார்.

நான் ஓடிப்போய் அண்ணன் முன்னால் நின்று, எப்படி என்று கையால் கேட்டேன்.

"இன்ஸ்பெக்டர் துரை கண்ணு சடார்னு மேல மணிக்குப் போச்சு தங்கச்சி" என்றார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "மேல பாக்கலன்னா நான் அப்படியே நின்னிருப்பேன்."

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. வேலையும் தப்பியது, குழந்தையும் நல்லபடி என்று நாங்கள் மூன்று பேரும் சர்க்கரை வாங்கி லைன் முழுக்கக் கொடுத்தோம். கப்பல் பயம் தீர்ந்தது என்று நான் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வேலைச் சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தார். என் வீட்டுக்காரரிடம், இன்ஸ்பெக்டரைப் பார்க்க வேண்டும், கூட வர முடியுமா என்று கேட்டார்.

"எதுக்கு?"

"காது கேக்காதுன்னு சொல்லப்போறேன்."

எனக்கு வந்ததே கோபம்! வாசல் என்றும் பாராமல் கத்தினேன். அவருக்கா கேட்கப்போகிறது? நேரே கேட்டு வீட்டுக்கு ஓடினேன். அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரருக்குப் பைத்தியமா அக்கா? பாஸ் ஆன பெறகு எவனாவது போய் நான் பெயிலுன்னு சொல்லுவானா?"

"நான்தான்டி போகச் சொன்னேன்."

குழந்தையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அன்னிக்கு மணி அடிச்சப்ப எனக்குக் கேட்டுச்சு" என்றாள். "படுத்துக் கெடக்கேன். எந்திரிக்க முடியல. வண்டி மாட்டுச் சலங்கையும் கேக்குது. கேட்டு மூடுற சத்தம் மட்டும் கேக்கல. எம்புள்ள வெளிய வர்ற நேரத்துல, வண்டியில எத்தன தாயி இருக்காளோன்னு எண்ணிக்கிட்டுக் கெடந்தேன். அந்த மாதிரி ஒரு நிமிஷம் இனிமே எனக்கு வேணாம்."

"கப்பல்?"

"ஏத்தினா ஏத்தட்டும். கைப்புள்ளையோட எந்த வீட்டுக் கதவயாவது தட்டுறேன். ஒருத்தி உசிரு மேல நான் உக்காந்து சோறு திங்க மாட்டேன்."

தமிழ்நாடு எந்தத் திசை என்று தெரியாது என்று அழுதவள்தான் இவள். நான் அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் சொன்னபோது ஏறாத நியாயம் அன்றைக்குத்தான் எனக்கு ஏறியது. எவ்வளவு பெரிய மனுஷி என்று வாய்விட்டுச் சொன்னேன். "போடி" என்றாள்.

அன்றைக்குக் காது ஷிப்ட் என் வீட்டுக்காரருக்கு. அவர்தான் கூடப் போனார். இன்ஸ்பெக்டர் சொல்வதை அண்ணன் முகத்துக்கு நேரே நின்று, உதட்டைப் பெரிதாக அசைத்து மறுபடி சொன்னாராம். நடந்ததை முழுக்கக் கேட்ட இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவே இல்லையாம்.

"அண்டைக்கு மணி கேட்டுத்தானே கேட்டை மூடினீர்?"

"உங்க கண்ணு கேட்டுச்சு ஐயா. நான் அதப் பாத்தேன்."

மனுஷன் கோபத்தில் நோட்டை மேசையில் அடித்தாராம். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் நின்றாராம். தானாக வந்து சொல்லாவிட்டால் இன்னும் பத்து வருஷம் தனக்குத் தெரிந்திருக்காதே என்றாராம். முன்னே என்ன வேலை செய்தீர் என்று கேட்டு, இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கே நடந்து போயிருக்கிறார். அங்கே ரிப்பேருக்கு வந்து கிடந்த ஒரு பாய்லரைக் காட்டி, எந்த ஆணி ஆடுகிறது, சொல்லும் பார்ப்போம் என்றிருக்கிறார். அண்ணன் உள்ளங்கையைத் தகட்டில் வைத்துக்கொண்டு, ஷெட் ஆள் ஒருவனை லேசாகத் தட்டச் சொல்லி, சாக்கட்டியால் ஏழு இடத்தில் குறி போட்டார். பிரித்துப் பார்த்தால் ஏழும் சரி. "ஆளாளுக்கு வாயப் பொளந்துட்டு நின்னாங்க" என்று சொன்னபோது என் வீட்டுக்காரர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே, ஏதோ தானே குறி போட்ட மாதிரி.

மறுநாள் உத்தரவு வந்தது. பாய்லர் சோதிக்கும் வேலை, கேட்டுக்காரர் சம்பளமே. ஆயுசுக்கும் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன் கும்பிட்டதற்கு, இன்ஸ்பெக்டர், "எனக்குக் கும்பிடாதையும், உம்மடை மனிசிக்குக் கும்பிடும்" என்றாராம். மனிசி என்றால் அவர்கள் தமிழில் பெண்டாட்டி.

மறுபடி கைவண்டி. சட்டி பானை, பாய்க்கட்டு, கோழி. குழந்தையை நான் தூக்கிக்கொண்டேன். பழைய வீட்டில் வேறு ஆள் வந்திருந்தது, எங்கள் வீட்டுக்கு மறுபக்கத்து வீட்டை அவர்களுக்குக் கொடுத்தார்கள். எனக்கு எந்தப் பக்கமாக இருந்தால் என்ன, பலகைச் சுவர் ஒன்றுதானே.

அன்று மாலை சங்கு ஊதியது, ஷிப்ட் மாறியது, ஆண்கள் வீடு திரும்பினார்கள். நான் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கிளம்பியது பாருங்கள், என் அடுப்பு மேல் மாட்டியிருந்த கரண்டியே ஆடியது.

"என்னாங்க! சோறு ஆறுது! எத்தன தடவ கூப்பிடுறது! வந்து உக்காருங்க!"

ஏழு மாதத்துக் குரல். அடக்கி அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வந்தது. குழந்தை திடுக்கிட்டு அழுதது. அவள் அதற்கும் சேர்த்துக் கத்தினாள். நான் அகப்பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

கடைசி வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த பெண் பதறிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, பக்கத்து வீட்ல சண்டையா? பாவம், அந்த அண்ணே வாயே தொறக்க மாட்டேங்கறாரு."

எழுந்து வாசலுக்கு வந்தேன். லைனில் ஆள் நிறைந்திருந்தது. இந்த ஏழு மாதமும் நாங்கள் காதோடு காதாக மட்டுமே சொல்லிக்கொண்ட வார்த்தை அது.

"சண்ட இல்லடி!" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "அவ புருஷனுக்குக் காது கேக்காது!"